30,000 ரூபாய்க்குள் கேமரா: பாடியில் மிச்சம் பிடியுங்கள், லென்ஸில் வேண்டாம்

கேமராவுக்கென்று 30,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தால், கடைக்குப் போகும் முன்பே அதைப் பிரித்துவிடுங்கள். பாடிக்கும் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) அதனோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸுக்கும் சேர்த்து 20,000. இரண்டாவது லென்ஸுக்கு 7,000. மீதி 3,000 மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, தூசியை ஊதும் ப்ளோயர், காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் இவற்றுக்கு. இந்தக் கடைசி 3,000 பார்ப்பதற்கு வீண் செலவு போலத் தெரியும். சென்னைக் காற்றில் லென்ஸைக் காப்பாற்றுவது அதுதான். மொத்தப் பணத்தையும் பாடியில் போட்டுவிட்டு "லென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுபவர்கள் பெரும்பாலும் கிட் லென்ஸோடு நின்றுவிடுகிறார்கள். பொழுது சாய்ந்தால் அந்தக் கேமரா பையை விட்டு வெளியே வருவதில்லை.

இந்தப் பணத்துக்குப் புதுக் கேமராவைத் தேடினால் கைக்கு எட்டுவது மிகக் குறைவு. பழையதில்தான் தேர்வு விரிகிறது. கேனானும் நிக்கானும் தங்கள் கவனத்தை மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புதுவகை) பக்கம் திருப்பிவிட்டதால், டிஎஸ்எல்ஆர் (அந்தக் கண்ணாடி உள்ள பழைய வகை) வைத்திருந்த பலர் அதை விற்றுவிட்டு மாறிக்கொண்டிருக்கிறார்கள். 2013 முதல் 2018 வரை வந்த 24 மெகாபிக்சல் பாடிகளின் படத் தரம் இன்றும் குறையில்லாதது. ஆல்பமோ, சுவரில் மாட்டும் பெரிய பிரிண்டோ, எதற்கும் போதும்.

உங்களுக்குக் கேமரா தேவைதானா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பகல் வெளிச்சத்தில் குடும்பப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு நல்ல போனே போதும். கேமரா தன் விலைக்கு வேலை செய்யும் இடங்கள் வேறு: மார்கழிக் கச்சேரி மேடை, மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவின் கூட்ட நெரிசல், பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று எடுக்க வேண்டிய பறவை, வீட்டுக்குள் ஓடும் குழந்தை. தூரம், இருட்டு, அசைவு இவற்றில் ஒன்றாவது உங்கள் படங்களில் அடிக்கடி வருமானால் வாங்குங்கள்.

லென்ஸ் கழற்ற முடியாத, 40 மடங்கு 50 மடங்கு ஜூம் என்று அட்டையில் போட்டிருக்கும் சிறு கேமராக்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் சென்சார் (படம் பதியும் சில்லு) 6.17 × 4.55 மில்லிமீட்டர் அளவுதான். கேனான் டிஎஸ்எல்ஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 22.3 × 14.9 மில்லிமீட்டர். பரப்பளவில் சுமார் 12 மடங்கு வித்தியாசம். நல்ல வெயிலில் தூரத்துப் பறவையை எடுக்க மட்டும் அந்த ஜூம் கேமரா உதவும். மண்டபத்துக்குள் நுழைந்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான்.

இப்போது லென்ஸ். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சபா மேடையில் எஃப் 1.8, ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 800 வைத்து எடுக்கும் படத்தை எஃப் 5.6ல் எடுக்க வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 8000 பக்கம் ஏற்ற வேண்டும். இந்தப் பத்து மடங்கை எந்தப் புதுப் பாடியும் ஈடுகட்டாது. லென்ஸில் ஐஎஸ் அல்லது விஆர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் பிடித்து நிறுத்தும். மிருதங்கக்காரரின் விரல் அசைவை நிறுத்த வேகமான ஷட்டர்தான் வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும்.

ஆகவே இரண்டாவது லென்ஸாக எஃப் 1.8 உள்ள ஒரு நிலைக்குவிய (ஜூம் ஆகாத) லென்ஸை வாங்குங்கள். கேனானில் எல்லோரும் சொல்வது 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம், 2015ல் வந்தது. அதற்கு முந்தைய '50 1.8 II' மாடலின் மவுன்ட் (பாடியில் மாட்டும் வளையம்) பிளாஸ்டிக், மோட்டாரும் சத்தம் போடும். எஸ்டிஎம்மின் மவுன்ட் உலோகம். ஆனால் 50 எல்லோருக்கும் பொருந்தாது. ஏபிஎஸ்-சி பாடியில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், அதாவது காட்சி இன்னும் நெருங்கித் தெரியும். 3 மீட்டர் தள்ளி நின்றாலும் ஃப்ரேமுக்குள் வருவது சுமார் 1.3 மீட்டர் அகலம்தான். நம் ஊர் ஃப்ளாட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாலும் இரண்டு பேரை நெருக்கி உட்காரவைத்துத்தான் எடுக்க முடியும். மேடை, முகம், கோயில் வாசலில் பூக்கட்டும் கை என்றால் 50 அருமை. வீட்டுக்குள்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் நிக்கானின் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி சௌகரியம். அதே 3 மீட்டரில் 2 மீட்டர் அகலம் கிடைக்கும். கேனான்காரர்களுக்கு வீட்டுக்கு 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் உண்டு. அகலம் தாராளம், வெளிச்சம் கொஞ்சம் குறைவு.

பாடி விஷயத்தில் நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். கேனானில் 200டி, நிக்கானில் டி5300 அல்லது டி5600, சோனியில் ஏ6000. இந்த நான்கில் நல்ல நிலையில் எது கிடைக்கிறதோ அது. விலை கடைக்குக் கடை, நிலைக்கு நிலை மாறும். 200டியில் திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் வேகமாகவும் மென்மையாகவும் விழும், மைக் சொருகும் துளையும் உண்டு. வீடியோவும் எடுப்பவர்களுக்கு இதுதான் நல்லது. டி5300, டி5600 இரண்டிலும் வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளை) 39 ஃபோகஸ் புள்ளிகள். ஓடும் பிள்ளைகளுக்கும் பறவைக்கும் உதவும், மைக் துளையும் இருக்கிறது. டி3400, டி3500ல் மைக் துளை கிடையாது. படம் மட்டும்தான் என்றால் அவையும் நல்லவை, விலையும் குறையும். ஏ6000 சிறியது, வேகமானது. ஆனால் மைக் துளை இல்லை, பேட்டரி சீக்கிரம் தீரும், சோனி லென்ஸ்கள் பழையதாகக் கிடைத்தாலும் விலை கூடுதல். கேனான் எம்50 மலிவாக வந்தால் யோசித்து வாங்குங்கள். அதன் இஎஃப்-எம் லென்ஸ் வரிசையைக் கேனான் நிறுத்திவிட்டது, பின்னால் கேனானின் புது மிரர்லெஸ் வரிசையான ஆர் பாடிக்கு மாறும்போது அந்த லென்ஸ்கள் கூட வராது. டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர் பாடியிலும் முழுமையாக வேலை செய்யும். இன்று லென்ஸில் போடும் பணம் வீணாகாது என்று சொல்வது இதனால்தான்.

இனி, பொருத்தம் பார்க்காமல் வாங்கிப் பலர் மாட்டிக்கொள்ளும் இடங்கள். நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். வெறும் 'ஏஎஃப்' என்று போட்ட 50 1.8டி மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் திருக வேண்டும். பாடியோடு சேர்த்து 'காம்போ' என்று தள்ளிவிடப்படும் 'ஏஎஃப் 70-300 ஜி' லென்ஸும் அப்படித்தான், அதில் விஆரும் இல்லை. இன்னொரு பக்கம், ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3200, டி5100, டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. டி5300ல் ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பித்த பிறகு ஆகும். கேனான் பக்கம் காம்போவில் வரும் 75-300ல் ஐஎஸ் கிடையாது, 300ல் படமும் மழுங்கலாக வரும். அதை ஒதுக்கிவிட்டு 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் தேடுங்கள், பறவைக்கு இந்தப் பட்ஜெட்டில் அதுதான் சரி.

ஃப்ளாஷ் வைத்து எடுக்கும் எண்ணம் இருந்தால் பாடியின் உச்சியில் ஃப்ளாஷைச் சொருகும் இடமான ஹாட் ஷூவைக் குனிந்து பாருங்கள். கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் II ஆகியவற்றில் நடுவில் இருக்க வேண்டிய வட்டத் தொடுமுனையே இல்லை. அந்த ஒரு முனையை மட்டும் நம்பி வேலை செய்யும் மலிவு ஃப்ளாஷும், தள்ளி வைத்த ஃப்ளாஷை எரியவைக்கும் டிரிக்கரும் இவற்றில் வேலை செய்யாது. முதல் 200டியிலும் 1300டியிலும் முனை இருக்கிறது. புது மாடல்தானே மேல் என்று நினைத்து 200டி மார்க் II வாங்கிய பிறகு ஃப்ளாஷ் எரியவில்லை என்று கடைக்கு அலைவதைவிட, இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே வாங்குவது? திருவல்லிக்கேணி எல்லிஸ் சாலையில் போட்டோ சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஸ்டுடியோக்காரர்கள் புழங்கும் தெரு. கார்டு, பேட்டரி, கேபிள், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் எல்லாம் ரிச்சி தெருவில் அள்ளலாம். எல்லிஸ் சாலைக்குக் காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் ஏறிவிட்டால் நிதானமாகச் சோதிக்க விடமாட்டார்கள். வெளிச்சமும் வேண்டும். கையோடு உங்கள் சொந்த எஸ்டி கார்டு ஒன்று, டார்ச் உள்ள போன், முடிந்தால் லேப்டாப், ஒரு முழுச் செய்தித்தாள். "அண்ணே, அரை மணி நேரம் பார்த்துட்டுத்தான் வாங்குவேன், பரவாயில்லையா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

முதலில் பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் இந்த ஊரில் ஏராளமான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்து, காய வைத்து, துடைத்து விற்பனைக்கு வரும் பொருள்களை விட்டு விலக வேண்டும். பேட்டரி தொடும் உலோகத் தகடுகளில் பச்சைப் பூச்சு, ஓரங்களில் வெள்ளைப் பொடி, ஹாட் ஷூ திருகுகளிலும் அடியில் ட்ரைபாட் மாட்டும் துளையிலும் துரு, கார்டு அறைக்குள் மங்கிய கறை. இவற்றில் ஒன்று இருந்தாலும் எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். அன்றைக்கு அது நன்றாக வேலை செய்யும். உள்ளே இருக்கும் சர்க்யூட்டில் அரிப்பு மெல்ல நகர்ந்து சில மாதங்களில் திரை அணையும், ஷட்டர் மாட்டிக்கொள்ளும். ரிப்பேர்காரரும் கைவிரித்துவிடுவார்.

அடுத்து லென்ஸ். பாடியிலிருந்து கழற்றி, பின்பக்கக் கண்ணாடிக்குச் சாய்வாக டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் போட்டுப் பாருங்கள். நேராக அடித்தால் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும், சாய்வு வெளிச்சத்தில்தான் குறை காட்டிக்கொடுக்கும். சிலந்தி வலை போல ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளைவிடும் மெல்லிய இழைகள் இருந்தால் அது பூஞ்சை. பால் தடவியது போல ஒரு மங்கல் பரவியிருந்தால் உள் கண்ணாடியில் புகைமூட்டம் படிந்திருக்கிறது. நாலைந்து தூசித் துகள் இருப்பது சாதாரணம், படத்தில் தெரியாது, அதற்காக நல்ல லென்ஸை விட வேண்டாம். பூஞ்சை அப்படி இல்லை. கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும், சுத்தம் செய்தாலும் தடம் நிற்கும், ஈரமான இடத்தில் மீண்டும் வளரும். விலை பாதி என்றாலும் வேண்டாம்.

கண்ணாடி சுத்தமாக இருந்தால் லென்ஸை மாட்டி, செய்தித்தாளைச் சுவரில் மடிப்பில்லாமல் ஒட்டச் சொல்லுங்கள். நேர் எதிரே நின்று, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, தாள் ஃப்ரேமை நிறைக்கும்படி ஒரு படம். திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. வலது மூலை மட்டும் கரைந்து போயிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. நீங்கள் கோணலாக நின்றாலும் இதே மாதிரி வரும் என்பதால் இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்து முடிவுக்கு வாருங்கள்.

எஃப் 1.8 லென்ஸில் இன்னொரு சோதனை கட்டாயம். அதே தாளை மேசைமேல் வைத்து, 45 டிகிரிச் சாய்வில் பார்த்தபடி ஒரு குறிப்பிட்ட வரிக்கு நடு ஃபோகஸ் புள்ளியை வைத்து வ்யூஃபைண்டர் வழியாக எடுங்கள். கூர்மை அந்த வரியில் விழாமல் தொடர்ந்து அதற்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தால் பாடியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. நிக்கான் டி7200, கேனான் 80டி போன்றவற்றில் இதைத் திருத்தும் மெனு உண்டு. நாம் பேசும் தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர்களில் கிடையாது. திரை வழியாக எடுத்தால் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தப் பிழை வராது, ஆனால் எப்போதும் திரையைப் பார்த்தே எடுத்துக்கொண்டிருக்க முடியாது. வேறு லென்ஸ் கேளுங்கள்.

பாடியின் சென்சாருக்கு: ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவர் அல்லது வானம். கறுப்புப் புள்ளிகள் தூசி, சுத்தம் செய்தால் போகும், விலையில் குறைத்துக்கொள்ளலாம். சுத்தம் செய்தும் போகாத கோடு என்றால் அது கீறல், விட்டுவிடுங்கள். ஷட்டர் எண்ணிக்கையை நிக்கானில் படக் கோப்பிலிருந்தே எக்சிஃப் (படத்தோடு பதியும் விவரங்கள்) காட்டும் மென்பொருளால் படிக்கலாம். டி3400, டி5600 போன்றவற்றின் ஷட்டர் 1 லட்சம் கிளிக்குக்குச் சோதிக்கப்பட்டது. 30,000 ஓடியது என்றால் தாராளமாக வாங்கலாம், 80,000 தாண்டியது என்றால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும். கேனான் தொடக்க நிலைப் பாடிகளில் கோப்பில் இந்த எண் இருக்காது. படத்தின் கோப்பு எண்ணைக் காட்டி "இவ்வளவுதான் ஓடியிருக்கு" என்று சொன்னால் நம்ப வேண்டாம், அது 9999க்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கல்யாண வேலைக்குப் போன பாடியில் மணிக்கணக்கில் வீடியோ ஓடியிருக்கும், அது எந்த எண்ணிலும் தெரியாது. பிடியின் ரப்பர் உப்பிப் பிசுபிசுத்திருப்பதும், பட்டன்களின் எழுத்து தேய்ந்திருப்பதும் அதைச் சொல்லிவிடும்.

பில் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். அடியில் உள்ள சீரியல் எண், எக்சிஃபில் வரும் சீரியல் எண், முதல் உரிமையாளரின் பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் ஒரு வாரமோ ஒரு மாதமோ அவர் தரும் உத்தரவாதத்தைத் தாளில் எழுதி, சீரியல் எண் போட்டு, சீல் வைத்து வாங்குங்கள். அந்தக் காலத்துக்குள் தினமும் கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். சூடானால் நிற்கிறதா, பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கார்டு வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்ட போலிக் கார்டு 8 ஜிபி வரை ஒழுங்காக நடந்துகொண்டு, அதற்கு மேல் எடுத்த படங்களைத் தின்றுவிடும்.

ஆரம்பத்தில் குழப்பும் ஒன்று: மண்டபங்களில் எல்இடி விளக்கின் கீழ் 1/250, 1/500 வைத்து எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழும். கேமரா கெட்டுவிடவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் பட்டை மறையும்.

வீட்டில் வைப்பதுதான் சென்னைக்காரர்களுக்குப் பெரிய வேலை. கேமராப் பைக்குள் மூடி பீரோவில் வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது போல. பஞ்சுத் துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பீரோவில் இருக்கும் பாச்சை உருண்டையின் ஆவியும் லென்ஸுக்கு ஆகாது. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே 200 கிராம் நீலச் சிலிக்கா ஜெல்லை ஒரு மெல்லிய துணிப் பையில் கட்டி, ஈரப்பத மீட்டர் ஒன்றையும் போடுங்கள். முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து, 30க்குக் கீழே போனால் ரப்பரும் உயவு எண்ணெயும் காய்ந்துவிடும், ஜெல்லைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். அரிசியைப் போடச் சொல்வார்கள், வேண்டாம். அதன் மாவுத் தூசி லென்ஸ் மோட்டாருக்குள் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல் சீக்கிரமே இளஞ்சிவப்பாகிவிடும். 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நஞ்சு. சமைக்கும் கடாயில் வறுக்காதீர்கள், இதற்கென்று ஒரு பழைய தட்டை ஒதுக்கிவிடுங்கள்.

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும். அரை மணி நேரம் முன்பே ஜிப் கவரில் போட்டு மூடி வெளியே வைத்தால், வியர்வை கவரின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. மெரினாவிலோ காசிமேட்டிலோ லென்ஸை மாற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முதலில் ப்ளோயரால் மணலை ஊதித் தள்ளிவிட்டு, பிறகு லேசாக நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் பாடியின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். இந்த வரிசை மாறினால் மணலே கண்ணாடியையும் திரையையும் கீறிவிடும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் டப்பாவுக்குள்.